48,000 வராகனுக்குக் கைமாறிய கல்: ரீஜென்ட் வைரத்தின் விலை உருவான விதம்

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் அப்போலோ கூடத்துக்குள் திருடர்கள் ஏணி வண்டியில் ஏறி வந்தார்கள். ஜன்னலை அறுத்து, கண்ணாடிப் பேழைகளை உடைத்து, பிரெஞ்சு அரச குடும்பத்தின் 8 நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிய 8 நிமிடம்கூட ஆகவில்லை. போன நகைகளின் மதிப்பு 8.8 கோடி யூரோ என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். அதே கூடத்தில் இருந்த ஒரு கல்லை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. 140.64 காரட் எடையுள்ள ரீஜென்ட் வைரம் அது. அந்த ஒரு கல்லுக்கே 6 கோடி டாலருக்கு மேல் மதிப்பு என்று மறுநாள் செய்திகள் சொல்லின.

அந்தச் செய்தியைப் படித்தபோது என் மனம் பாரிஸுக்குப் போகவில்லை, நம் சென்னைக் கோட்டைக்குப் போனது. இந்தக் கல்லுக்கு விலை பேசி முடித்த இடம் புனித ஜார்ஜ் கோட்டை. இன்று தலைமைச் செயலகம் இயங்கும் அதே வளாகம். 1702இல் அங்கே ஒரு வட்டாரத்து வைர வியாபாரியும், அவருடன் எப்போதும் வந்த செட்டியார் ஒருவரும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னரும் உட்கார்ந்து பேரம் பேசினார்கள். வராகன் என்பது அன்றைய பொற்காசு. 2 லட்சம் வராகனில் ஆரம்பித்த பேச்சு 48,000இல் முடிந்தது. 15 வருடம் கழித்து ஐரோப்பாவில் அதே கல், சென்னையில் வாங்கிய விலையைப்போல ஆறரை மடங்குக்கு மேல் விலை போனது. இடையில் என்ன நடந்தது, யார் எந்த ஆபத்தைச் சுமந்தார்கள், யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கிருஷ்ணைக் கரையில்

கல் கிடைத்தது கொல்லூரில். கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பல்நாடு மாவட்டத்தில் இருந்த சுரங்கம் அது. சுரங்கம் என்றதும் ஆழமான குகையை நினைக்க வேண்டாம். ஆற்றோரச் சரளை மண்ணை ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டுவதுதான் வேலை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே போய்ப் பார்த்த பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே அதை விவரமாகச் சொல்லியிருக்கிறார். ஆண்கள் தோண்டுவார்கள். பெண்களும் குழந்தைகளும் மண்ணைச் சுமந்துபோய்த் தாழ்வான சுவர் கட்டிய களத்தில் கொட்டுவார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், வெயிலில் காய வைப்பார்கள், பிறகு தானியம் புடைப்பதுபோலப் புடைப்பார்கள். மிஞ்சும் கட்டிகளை மர உலக்கையால் இடித்து, மறுபடி புடைத்து, கடைசியில் கையால் பொறுக்குவார்கள். முறமும் உலக்கையும் களமும் நமக்குத் தெரியாததா? நெல்லுக்குச் செய்யும் வேலைதான், தேடும் மணி மட்டும் வேறு.

கொல்லூரில் அப்படி 60,000 பேர் வேலை செய்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். இன்னொரு சுரங்கமான ராவல்கொண்டாவில் வேலை தெரிந்த ஆளுக்கே வருடக் கூலி 3 வராகன்தான் என்றும் எழுதியிருக்கிறார். 48,000 வராகனை 3ஆல் வகுத்தால் 16,000. ஒரு தொழிலாளி 16,000 வருடம் தோண்டினால் கிடைக்கக்கூடிய கூலி, ஒரே கல்லின் விலை. தவெர்னியே பார்த்ததற்கும் இந்தப் பேரத்துக்கும் நடுவில் அரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. கூலி கொஞ்சம் ஏறியிருக்கலாம். இரட்டிப்பாகியிருந்தாலும் கணக்கு 8,000 வருடத்தில் நிற்கும்.

கல்லைக் கண்டெடுத்தவரைப் பற்றி ஒரு கதை புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்ந்து வருகிறது. ஓர் அடிமைத் தொழிலாளி தன் காலைத் தானே கீறி, புண்ணுக்குள் கல்லை மறைத்து, கட்டுப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குத் தப்பி வந்தாராம். ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவனிடம் பாதி விலை தருவதாகச் சொல்லி அடைக்கலம் கேட்டாராம். அவன் கல்லைப் பிடுங்கிக்கொண்டு ஆளைக் கடலில் தள்ளி, வந்த காசைக் குடித்தே அழித்து, கடைசியில் தூக்கில் தொங்கினானாம்.

நான் இதை நம்பவில்லை. கச்சாக் கல்லின் எடை 410 காரட், அதாவது 80 கிராமுக்கு மேல். வைரத்தின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் அளவு வரும். அதைக் காலுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, கொல்லூரிலிருந்து கடற்கரை வரை, காவலர்கள் கண்ணில் படாமல் நடப்பது நடக்கிற காரியம் அல்ல. அதோடு, கல்லைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஊரறிந்த பெரிய வியாபாரி. கூடவே வேறு சில சிறிய கற்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வழக்கமான வியாபாரப் பாதையில் வந்த சரக்காகத்தான் அது தெரிகிறது. ஆனாலும் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பது புரிகிறது. சுரங்கங்களில் 50 பேருக்கு 12, 15 காவலர்கள் நின்றார்கள். கூலி அற்பம். கல்லை விழுங்கியவர்கள், கண்ணின் ஓரத்தில் செருகியவர்கள் பற்றித் தவெர்னியேயே எழுதியிருக்கிறார்.

கோட்டைக்குள் நடந்த பேரம்

தாமஸ் பிட் 1653இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். கிழக்கு நாடுகளின் வணிகம் கம்பெனியின் தனியுரிமையாக இருந்த காலத்தில், உரிமம் இல்லாமல் கப்பல் ஓட்டிப் பணம் பார்த்தவர். கம்பெனி அவரைப் பிடித்து அபராதம் போட்டது. அடக்க முடியவில்லை என்று தெரிந்ததும், அவரையே 1698இல் சென்னைக் கோட்டைக்குக் கவர்னர் ஆக்கியது. 1709 வரை இருந்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் 1708இல் கம்பெனி கைக்கு வந்தது அவர் காலத்தில்தான்.

கவர்னரின் சம்பளம் வருடத்துக்குச் சில நூறு பவுண்டுதான். சொந்த வியாபாரத்தில்தான் காசு. சென்னையில் சேர்த்த காசை ஊருக்கு அனுப்பக் கம்பெனி ஊழியர்களுக்கு வைரம்தான் சுலபமான வழி. கனமில்லை, கெடாது, ஒரு பையில் அடங்கும். லண்டனிலிருந்து பவளமும் வெள்ளியும் வரும், இங்கிருந்து வைரம் போகும். ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கும் பவளக்காரத் தெரு அந்த வியாபாரம் விட்டுச்சென்ற பெயர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்லின் ஞாபகம் வரும்.

பேரத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பிட் தாமே எழுதி வைத்த ஒரு வாக்குமூலத்திலிருந்து. பதவி போய் ஊர் திரும்பும் வழியில், 1710 ஜூலை 29 அன்று, நார்வேயின் பெர்கன் நகரில் உட்கார்ந்து எழுதியது. கல்லை மிரட்டி வாங்கினார் என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. அதை மறுக்கவே எழுதினார்.

அவர் சொல்வதன்படி, 1701 டிசம்பர் வாக்கில் ஜம்சந்த் என்ற வைர வியாபாரி சென்னைக்கு வந்தார். கூடவே ஒருவர். 'வின்கட்டி சிட்டி' என்று பிட் எழுதுகிறார். நம் காதுக்கு அது வெங்கட்டிச் செட்டி, அல்லது வெங்கடச் செட்டி. கல்லின் எடை 305 'மாங்கெலின்'. அது வேறொன்றும் இல்லை, மஞ்சாடி. நம் பத்தர்கள் தராசில் போட்ட அதே சிவப்பு விதை. ஒரு மஞ்சாடிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் காரட்டுக்குச் சற்று மேல் என்று வைத்தால் 410 காரட் கணக்கு சரியாக வருகிறது.

ஜம்சந்த் கேட்டது 2 லட்சம் வராகன். பிட் சொன்னது 30,000க்கு மேல் இல்லை. அந்த விலைக்கும் வாங்கும் எண்ணம் பெரிதாக இல்லை என்கிறார். ஜம்சந்த் கல்லைச் சில நாள் பிட்டிடமே விட்டுவிட்டுப் போவார், வந்து எடுத்துக்கொள்வார், மறுபடி விட்டுவிட்டுப் போவார். இது வைர வியாபாரத்தின் பழைய உத்தி. கல் கையில் இருக்க இருக்க ஆசை வேர்விடும்.

பிப்ரவரியில் மறுபடி வந்தபோது விலை 1 லட்சத்துக்கு இறங்கி, அதற்கும் கொஞ்சம் கீழே போனது. ஒரு நாள் குறித்து முடிவாகப் பேசுவோம் என்று பிரிந்தார்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ கோட்டையின் ஆலோசனை அறையில் சந்திப்பு. நிறையப் பேசிய பிறகு ஜம்சந்த் 55,000இல் நின்றார், பிட் 45,000இல் நின்றார். இருவரும் நகரவில்லை. பிட் கல்லைத் திருப்பிக் கொடுத்தார், இருவரும் நல்லபடியாகவே விடைபெற்றார்கள். உள்ளறையில் எழுதிக்கொண்டிருந்த பெனியன் என்ற ஆங்கிலேயரிடம், 'இனி அந்தப் பேச்சு இல்லை' என்கிற மாதிரி பிட் சொல்லிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழிந்தது. ஜம்சந்தும் செட்டியாரும் வாசலில் நிற்பதாக வேலையாள் வந்து சொன்னார். உள்ளே வந்தவர்கள் கல்லைப் புகழ்ந்தார்கள். வேறு யாரும் வாங்குவதைவிட நீங்கள் வாங்குவதே விருப்பம், 50,000க்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நடுவில் இருக்கும் 5,000ஐப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார் பிட், அதாவது 47,500. முடியாது என்று வெளியே நடந்த ஜம்சந்த் திரும்பி வந்து 49,000 என்றார். பிட் அசையவில்லை. 48,000, இதற்குக் கீழே ஒரு வராகன்கூடக் குறைக்க மாட்டேன் என்று ஜம்சந்த் சத்தியம் செய்தார். பிட் உள்ளறைக்குப் போய் பெனியனிடம், 47,500 பெறும் என்றால் 48,000மும் பெறும் என்று சொல்லிவிட்டு வந்து முடித்தார். வராகனுக்கு எட்டரை ஷில்லிங் வீதம் 20,400 பவுண்டு.

இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஜவுளிக்கடை வாசலில் இறங்கிப் போனவரைத் திரும்பக் கூப்பிடும் அதே நாடகம். ஆனால் இங்கே திரும்பி வந்தது விற்பவர். கடைசி ஒரு மணி நேரத்தின் விளைவு முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஏன் இவ்வளவு இறங்கினார்?

2 லட்சத்திலிருந்து 48,000க்கு. ஜம்சந்த் விட்டுக்கொடுத்தது 1,52,000 வராகன். பிட் ஏறி வந்தது 18,000 மட்டுமே.

முதல் காரணம் கல்லிலேயே இருக்கிறது. பட்டை தீட்டாத கல்லை வாங்குபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் வாங்குகிறார். மேலே நீரோட்டம், அதாவது கல்லின் தெளிவு, நன்றாக இருக்கலாம், உள்ளே ரேகை ஓடலாம், கரும்புள்ளி கிடக்கலாம். வெட்டும்போது பிளந்து போகலாம். பிட்டே இதைச் சொல்கிறார்: கல் சுத்தமாக இருக்குமா, நீரோட்டம் நல்லதா, வெட்டும்போது என்ன ஆகும் என்ற பயம் இருந்தது என்று. இவ்வளவு பெரிய தொகையை ஒரே கப்பலில் அனுப்புவதும் அவருக்குப் பெரிய தயக்கம். அது வீண் பயம் இல்லை. 1702 மே மாதம் இங்கிலாந்து பிரான்ஸோடு போரில் இறங்கியது, கடலெங்கும் எதிரிக் கப்பல்கள்.

இரண்டாவது காரணம், வாங்க ஆள் இல்லை. சிறிய கல் என்றால் நூறு பேர் போட்டி போடுவார்கள். 410 காரட் கல்லை யார் வாங்குவது? கொல்லூரை ஆண்ட கோல்கொண்டா அரசு 1687இல் அவுரங்கசீப்பிடம் வீழ்ந்துவிட்டது. பேரரசர் தக்காணத்தில் மராட்டியரோடு முடிவில்லாத போரில் இருந்தார். உள்நாட்டில் அரண்மனைக்குப் பெரிய கல்லைக் காட்டினால் விலை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை, கல்லே திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் இல்லை. என் கணிப்பில் ஜம்சந்தின் கையைக் கட்டியது இதுதான். பெரிய கல்லை வைத்திருப்பது ஒரு வியாபாரிக்குச் சொத்து இல்லை, பாரம்.

மூன்றாவது, நேரம். கர்நாடக நவாப் தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டதும் 1702இன் அந்த முதல் மாதங்களில்தான். கடைசியில் 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மே மாதம் விலகினார். கோட்டையைச் சுற்றிப் படை நிற்கும்போது எலுமிச்சம்பழ அளவு வைரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியை யோசித்துப் பாருங்கள். ஜம்சந்த் சீக்கிரம் ஊர் போக முடிவு செய்துவிட்டார் என்று பிட் எழுதுகிறார். அவசரப்படுபவர் விலையை இழப்பார் என்பது எந்தச் சந்தையிலும் உள்ளதுதான்.

அப்புறம், மிரட்டல் நடந்ததா? வாக்குமூலம் ஒரு தரப்பின் சொல். கொடுத்த விலை நியாயமானது, பணம் முழுதும் கொடுத்தேன், கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்கிறார் பிட். 45,000, 55,000, 47,500 என்று படிப்படியாகச் சொல்லும் விவரம் கட்டிய பொய்போல இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பேரம் நடந்த அறை கவர்னரின் அறை. வெளியே நிற்கும் காவலர்கள் அவருடைய ஆட்கள். இருதரப்பும் சமம் என்று சொல்லக்கூடிய இடம் அது இல்லை. குரலை உயர்த்தாமலே விலையை இறக்கும் சக்தி அந்த நாற்காலிக்கு இருந்தது.

வெட்டியதும் விற்றதும்

1702 அக்டோபரில் மூத்த மகன் ராபர்ட் வசம் கல் லண்டனுக்குப் போனது. காலணிக் குதிகாலில் மறைத்துக் கொண்டுபோனதாக ஒரு கதை உண்டு. 1704இலிருந்து 1706 வரை ஹாரிஸ் என்ற கைவினைஞர் அதை வெட்டினார். வெட்டுக்கூலி சுமார் 5,000 பவுண்டு. அது சில்லுகளையும் தூளையும் விற்றதிலேயே திரும்பி வந்துவிட்டது. சில்லுகளில் வெட்டிய சிறிய வைரங்கள் சில ரஷ்யப் பேரரசர் பீட்டரிடம் போனதாகச் சொல்வார்கள்.

410 காரட்டில் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு. அன்றைய பழைய காரட்டில் 136¾, இன்றைய மெட்ரிக் காரட்டில் 140.64.

இங்கே ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். அன்றைய வைர வியாபாரிகளிடம் ஒரு விதி இருந்தது: விலை எடையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 காரட் கல் 8 பவுண்டு என்றால், 2 காரட் கல் 16 இல்லை, 32. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் நகை வியாபாரி டேவிட் ஜெஃப்ரிஸ் பின்பற்றிய அடிப்படை இது. வெட்டிய கல்லுக்குக் காரட் 8 பவுண்டு, வெட்டும்போது பாதி எடை போகும் என்பது அவர் கணக்கு. 410 காரட் கச்சாக் கல்லில் பாதி மிஞ்சி 205 காரட் கிடைத்திருந்தால் விலை 3,36,200 பவுண்டு வந்திருக்க வேண்டும். உண்மையில் கிடைத்த 136¾ காரட்டுக்கு அதே விதி தருவது சுமார் 1,49,600 பவுண்டு. வெட்டும் மேசையில் கூடுதலாக இழந்த எடை, காகிதத்தில் இருந்த மதிப்பில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. பிட் பயந்தது இதற்குத்தான்.

ஆனால் எடையைத் தியாகம் செய்ததால்தான் ஒளி வந்தது. பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எடையைக் காப்பாற்றிய கற்கள் பல மங்கலாகவே கிடந்தன. இந்தக் கல்லை அளவான பிரில்லியண்ட் வெட்டாகத் தீட்டினார்கள், ஓரங்கள் வளைந்த சதுரம்போல. லேசான நீலச் சாயல் உள்ள வெண்மை. நம் ஊர்க் கடைகளில் பாட்டிகள் 'ப்ளூ ஜாகர்' என்று கேட்டு வாங்குவார்களே, அந்த மாதிரி நீலச் சாயலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அளவை மட்டும் நூறு மடங்காக்கி.

தீட்டி முடித்தும் 11 வருடம் விற்கவில்லை. சென்னையில் ஜம்சந்துக்கு இருந்த அதே சிக்கல் லண்டனில் பிட்டுக்கும் வந்தது: வாங்க ஆள் இல்லை. பெருந்தொகை ஒரே கல்லில் முடங்கிக் கிடந்தது. ஆனால் ஜம்சந்தால் சில மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியவில்லை, பிட்டால் 11 வருடம் காத்திருக்க முடிந்தது. இருவருக்கும் கிடைத்த விலையில் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1717இல் வழி திறந்தது. பிரான்ஸில் 14ஆம் லூயி இறந்து, குழந்தை அரசர் 15ஆம் லூயிக்காக ஓர்லியான் கோமகன் பிலிப் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அந்தப் பதவியின் பெயர்தான் ரீஜென்ட். கஜானா காலி, போர்க் கடன் கழுத்துவரை. அந்த நேரத்தில் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லா, பின்னாளில் பிரான்ஸின் நிதியையே ஆட்டிவைத்தவர், கல்லின் மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினார். நாடு இருக்கும் நிலையில் இப்படியொரு செலவா என்று ரீஜென்ட் தயங்கினார். பிரான்ஸ் மணிமுடியின் பெருமைக்கு இது வேண்டும் என்று பிரபு சேன் சிமோன் வற்புறுத்தினார். கடைசியில் 1,35,000 பவுண்டு, பிரெஞ்சுக் கணக்கில் சுமார் 20 லட்சம் லிவ்ர். ஒரு பகுதி முன்பணம், மீதி தவணை, தவணைக்கு ஈடாக அரச நகைகள். வாங்கியவரின் பதவிப் பெயரே கல்லுக்கும் நிலைத்தது.

15 வருடத்தில் 20,400 பவுண்டு 1,35,000 ஆனது. கூட்டு வட்டியில் பார்த்தால் ஆண்டுக்கு 13 சதவீதத்துக்குச் சற்று மேல். நல்ல லாபம்தான், ஆனால் கதைகளில் வரும் மாயப் புதையல் இல்லை. கடல், வெட்டு, போர், 11 வருடக் காத்திருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்த கூலி அது. அந்தப் பணத்தில் பிட் கார்ன்வாலில் போகொனோக் எஸ்டேட்டை வாங்கினார். அவர் பேரன் வில்லியம் பிட் குடும்பத்தின் கையில் இருந்த ஓல்ட் சேரம் தொகுதி வழியாக 1735இல் நாடாளுமன்றம் போய், பின்னால் நாட்டையே நடத்தினார். கொள்ளுப்பேரன் வில்லியம் பிட் 24 வயதில் பிரதமர். கம்பெனியை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த 1784ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

முடி, அடகு, வாள்

1722 அக்டோபர் 25, ரீம்ஸ் நகரில் 15ஆம் லூயியின் முடிசூட்டு விழாவில் ரீஜென்ட் வைரம் மணிமுடியின் முன்பக்கத்தில் இருந்தது. பின்னர் அவர் தொப்பியில், அரசியின் கூந்தலில், அதன் பின் மரீ அந்துவானெத்தின் கறுப்பு வெல்வெட் தொப்பியில்.

புரட்சி வந்ததும் 1791இல் அரச நகைகளுக்குக் கணக்கெடுத்தார்கள். ரீஜென்ட் 1.2 கோடி லிவ்ர், பிரெஞ்சு நீலம் என்ற நீல வைரம் 30 லட்சம், சான்சி வைரம் 10 லட்சம். 20 லட்சத்துக்கு வாங்கியது ஆறு மடங்கு ஆகிவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. இடையில் லிவ்ரின் மதிப்பே இறங்கிவிட்டது. 1717இல் ஒரு பவுண்டுக்குச் சுமார் 15 லிவ்ர், 1791க்கு முன் சுமார் 25. பவுண்டில் மாற்றினால் 1.2 கோடி லிவ்ர் என்பது 4,80,000 பவுண்டு. உயர்வு மூன்றரை மடங்கு. நகையின் வரலாற்றைப் பேசும்போது நாணயத்தின் வரலாற்றையும் சேர்த்துப் பேசாவிட்டால் எண்கள் நம்மை ஏமாற்றிவிடும்.

1792 செப்டம்பரில், ஐந்தாறு இரவுகளாக, இன்று கொன்கோர்ட் சதுக்கம் என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்த அரச களஞ்சியத்தின் முகப்பில் ஏறி ஒரு கூட்டம் நகைகளைக் கொள்ளையடித்தது. 2025க்கு 233 வருடம் முன்பே இதே நகைத் தொகுப்புக்கு நேர்ந்த கதி. நீல வைரம் போனது போனதுதான். 1812இல் லண்டனில் வேறு வடிவில் வெட்டப்பட்ட ஒரு நீலக் கல் வெளிவந்தது. அதுதான் இன்று வாஷிங்டனில் இருக்கும் ஹோப் வைரம். ரீஜென்ட் மட்டும் 1793 இறுதியில் பாரிஸிலேயே திரும்பக் கிடைத்தது. இவ்வளவு பெரிய கல்லை அப்படியே விற்க முடியாது, வெட்ட மனமும் வராது. அளவுதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

புரட்சி அரசு அதற்கு ஒரு புதிய பயனைக் கண்டுபிடித்தது: அடகு. 1797இல் பெர்லின் வங்கியாளர் ட்ரெஸ்கோவிடம், 1798இல் ஆம்ஸ்டர்டாமின் வான்லென்பெர்கெமிடம். குதிரைப்படைக்கும் போர்ச் செலவுக்கும் பணம் வேண்டியிருந்தது. நம் வீடுகளில் விதைப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தாலிக்கொடி சேட்டுக் கடைக்குப் போய்வருவது போலத்தான். 1801இல் நெப்போலியன் மீட்டு, தன் வாளின் பிடியில் பதித்துக்கொண்டார். அவரை எதிர்த்து ஐரோப்பிய நாடுகளைத் திரட்டிய இங்கிலாந்துப் பிரதமர் யார்? தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன். கொள்ளுத் தாத்தா சென்னையில் 48,000 வராகனுக்கு வாங்கிய கல், குடும்பத்தையே பதவிக்கு ஏற்றிய கல், இப்போது எதிரியின் இடுப்பில்.

1814இல் நெப்போலியன் வீழ்ந்தபோது மனைவி மரீ லூயி அதை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய தந்தையான ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸுக்கே திருப்பி அனுப்பினார். 1825இல் பத்தாம் சார்லஸின் முடியில், பிறகு பேரரசி யூஜெனியின் தலை அணியில்.

1887 மே மாதம் குடியரசு அரசு ஒரு பெரிய முடிவு எடுத்தது. அரசர்கள் திரும்பி வரக் கூடாது என்றால் அவர்கள் நகையும் இருக்கக் கூடாது என்று அரச நகைகளை ஏலம் விட்டது. சுமார் 70 லட்சம் பிராங்க் வந்தது. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் நிறைய வாங்கிப் போனது. ரீஜென்ட் அந்த ஏலத்துக்கு வரவில்லை. வரலாற்றுப் பொருள் என்று தனியே எடுத்து லூவரில் வைத்தார்கள். 1940இல் ஜெர்மன் படை நெருங்கியபோது ஷாம்போர் மாளிகைக்குக் கொண்டுபோய் ஒளித்து, போர் முடிந்து திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இன்று அதன் விலை

பிரான்ஸின் அரசு அருங்காட்சியகச் சொத்துகளைச் சட்டப்படி விற்க முடியாது. ஆகவே ரீஜென்ட்டுக்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை, 1717க்குப் பிறகு யாரும் அதை வாங்கவில்லை. 6 கோடி டாலர் என்பது மற்ற பெரிய கற்களின் ஏல விலையை வைத்துச் செய்த ஊகம். கோல்கொண்டாக் கல் என்ற பெயருக்கே ஏலக்கூடங்களில் தனி விலை உண்டு. நைட்ரஜன் கலப்பு மிகக் குறைந்த, தண்ணீர்போலத் தெளிந்த கற்கள் அவை. சுரங்கம் தீர்ந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால் புதிதாக வரப்போவதும் இல்லை.

வாங்கிய விலை, வெட்டிய கூலி, விற்ற விலை, கணக்கெடுத்த மதிப்பு என்று 1702இலிருந்து இந்தக் கல்லுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கிறது. ஜம்சந்த் வரைக்கும் பெயர்கூடக் கிடைக்கிறது. அவருக்கு முன்னால் களத்தில் மண்ணைப் புடைத்து இந்தக் கல்லைக் கையில் எடுத்தவருக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

கொல்லூர் இப்போது புலிச்சிந்தல நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. ஆனால் ராயலசீமையில் வஜ்ரகரூர், ஜொன்னகிரி பக்கம் ஒவ்வொரு வருடமும் முதல் மழை பெய்ததும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வயல்வெளியில் இறங்குகிறார்கள். சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், ஈரச் செம்மண்ணில் மின்னும் கல்லைத் தேடுகிறார்கள். கிடைத்தால் விலை சொல்ல உள்ளூர் வியாபாரிகள் பக்கத்திலேயே காத்திருக்கிறார்கள்.